ராத்திரியில் தூங்காத அம்மா, அப்பா: மறதி நோய் உள்ளவரை இரவில் கவனிக்க ஒரு முழு வழிகாட்டி

பகலில் ஓரளவு அமைதியாக இருக்கும் மறதி நோயாளி, பொழுது சாய்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். ஐந்து மணிக்கு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடை தொடங்கும். ஒன்பது மணிக்குப் படுக்கவைத்தால் பதினொன்றுக்கு எழுந்து பீரோவைத் திறப்பார். இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டு "நான் வீட்டுக்குப் போகணும்" என்பார், பல வருஷமாக இருக்கிற சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே.

இதற்கு மூளைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் மிகச் சிறிய நரம்புக்கூட்டம் ஒன்று பகல், இரவுக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரம் பார்க்கும். மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமரில் அந்தக் கூட்டமே சிதைகிறது. தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பதும் குறைகிறது. கண்ணில் புரை, வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இருப்பது இரண்டும் சேர்ந்தால், உள்ளே போகிற வெளிச்சமும் போதாது. நாள் முழுக்கச் சுற்றி நடப்பதைப் புரிந்துகொள்ளத் திணறிய மூளை சாயங்காலத்தில் களைத்தும் போகிறது. மங்கலில் கொடியில் தொங்கும் துண்டு ஒரு ஆளாகத் தெரிகிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்பது என் கருத்து. பெரும்பாலான வேலை பகலில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பகல்தான் அதிகம்.

முதல் படி: இது திடீர் மாற்றமா என்று பாருங்கள்

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகரும். போன வாரம் வரை இரவில் ஒரு தடவை எழுந்து பாத்ரூம் போய்விட்டுப் படுத்தவர், இந்த இரண்டு மூன்று நாளாக விடிய விடியப் பிதற்றுகிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார், பகலில் எழுப்பினாலும் கண் திறக்க மாட்டேன் என்கிறார் என்றால், நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். உடம்பில் வேறு ஏதோ கெட்டுப்போய் அது மூளையைக் கலக்குகிறது. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிவார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆனாலும்.

வழக்கமான காரணங்கள்: யூரின் இன்ஃபெக்‌ஷன், நிமோனியா, உடம்பில் தண்ணீர் வற்றுவது, நாலைந்து நாள் மலச்சிக்கல், சோடியம் குறைவது, சுகர் இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் போகலாம். அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு உப்பியிருக்கலாம். அவருக்குச் சொல்லத் தெரியாது, இங்கும் அங்கும் நடப்பார். பிபிக்காக உப்பைக் குறைத்து, நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குச் சோடியம் இறங்குவது சாதாரணம். சில வாரம் முன்னால் தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்து, நாட்களோ வாரங்களோ கழித்துக் குழப்பம் வருவது உண்டு.

வீட்டில் குளுக்கோமீட்டர், தெர்மாமீட்டர், பிபி மிஷின், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். சுகர் 70க்குக் கீழே என்றால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரை கலந்த தண்ணீரோ பழச்சாறோ முதலில், மற்றதெல்லாம் அப்புறம். எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அங்கே "ராத்திரி தூங்க மாட்டேங்கிறார்" என்று மட்டும் சொன்னால் "வயசாயிடுச்சுல்ல" என்ற பதிலோடு திரும்பி வர நேரிடலாம். "போன திங்கள்கிழமை வரைக்கும் நல்லா இருந்தார், மூணு நாளில் இப்படி ஆகிவிட்டார்" என்று தேதியோடு சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியம், சுகர், சிறுநீர்ப் பரிசோதனை இவற்றை நீங்களே கேட்கலாம்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

இந்தப் பிரச்சினை மெல்ல மெல்ல வந்தது என்றால் ஒரு நோட்டு போதும். படுக்கவைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், எழுந்ததும் எங்கே போனார், என்ன சொன்னார், சிறுநீர் கழித்தாரா, மலம் போனதா, பகலில் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார், கடைசி டீ எப்போது, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு. எழுந்ததும் என்ன சொன்னார் என்பதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். அதில்தான் துப்பு இருக்கும்.

ஒரு வாரம் எழுதினால் பல வீடுகளில் முதலில் தெரியவருவது எளிய கணக்கு ஒன்று. வயதானவர் ஆறு, ஏழு மணி நேரம் தூங்குவார். ஏழரை மணிக்கே சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டால் இரண்டரைக்கு அவர் தூக்கம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவரைப் படுக்கச் சொல்வது நியாயமில்லை. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியவர் என்றால் இன்னும் சீக்கிரம் எழுவார். இங்கே மாற்ற வேண்டியது படுக்கவைக்கும் நேரத்தை. ஒரேயடியாக இல்லாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒன்பதரை, பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள்.

அவர் என்ன வேலை பார்த்தவர் என்பதையும் யோசியுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருந்து, நடுராத்திரியில் எழுந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய விவசாயிக்கு மூன்று மணி விழிப்பு நோய் இல்லை, பழக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவர், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய அம்மா, இவர்களெல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு மூன்றரை மணியை விடியலாக ஏற்றுக்கொண்டு, ஒரு டம்ளர் பாலும் பாதுகாப்பான ஒரு அறையும் கொடுத்துவிடுவது சுலபம். எல்லோரையும் ஆறு மணி வரை படுக்கவைத்தே தீர வேண்டும் என்பது நம்முடைய வசதிதான்.

மூன்றாம் படி: உடம்பில் என்ன தொந்தரவு?

சொல்லத் தெரியாத வலிதான் ராத்திரி நடைக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. மூட்டுத் தேய்மானம், பல் வலி, படுக்கைப் புண், நெஞ்சு எரிச்சல். "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். முகம் சுளிப்பது, ஒரு இடத்தையே தடவுவது, திருப்பிப் படுக்கவைக்கும்போது கையைத் தட்டிவிடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். வலி சந்தேகம் இருந்தால், படுக்கும் முன் பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா, எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சிறுநீர் அடுத்தது. ராத்திரி எழக்கூடாது என்பதற்காகத் தண்ணீரையே குறைக்கிற வழக்கம் பல வீட்டில் இருக்கிறது. அது டெலிரியத்துக்கும் மலச்சிக்கலுக்கும் நேரே கொண்டுபோய் விடும். நாள் முழுவதற்கான தண்ணீர், மோர், கஞ்சி எல்லாவற்றையும் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கொஞ்சமாக. கால் வீங்குகிறவர் என்றால் மதியம் ஒரு மணி நேரம் காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி ராத்திரியில் சிறுநீராக வருகிறது. உயர்த்தி வைத்தால் அதில் ஒரு பங்கு பகலிலேயே வெளியேறிவிடும்.

காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், தேய்க்கிறார், எழுந்து நடந்தால்தான் அமைதியாகிறார் என்றால் இரும்புச்சத்து குறைவு இருக்கலாம். உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பதுபோல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே கத்துவது, உதைப்பது, குத்துவது வேறு வகை. கனவை உடம்பு நடித்துக் காட்டுகிறது. லூயி பாடி என்ற மறதி நோயிலும் பார்க்கின்சனிலும் இது வரும், மற்ற அறிகுறிகளுக்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே கூட. இதை ஒரு தடவை கைபேசியில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுவது, பத்து நிமிஷம் விவரிப்பதைவிட மேல்.

கொசு, புழுக்கம், தோல் வறண்டு அரிப்பு, பசி ஆகியவை சின்ன விஷயங்கள்தான். ஆனாலும் முதலில் இவற்றைச் சரிசெய்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

நான்காம் படி: மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், இருமல் மருந்து பாட்டில் உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். இதய டாக்டர் ஒன்று, சர்க்கரை டாக்டர் ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது ஒன்று என்று சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை இவை. ஃபியூரோசமைடு போன்ற நீர் பிரிய மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறோமா? காலைக்கு மாற்றலாமா? மறதிக்குக் கொடுக்கும் டோனிபெசில் ராத்திரியில் போகிறதா? அது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துப் பயங்கரக் கனவைக் கொண்டுவரும். காலையில் கொடுத்தாலே சரியாகிவிடுகிறவர்கள் உண்டு. சர்க்கரைக்கு குளிமெபிரைடோ இன்சுலினோ போகிறதா? ராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடாத நாளில் விடியற்காலையில் சுகர் இறங்கி, வியர்த்து, அலைபாய்வார். எழுந்து அலையும்போது இரண்டு மூன்று இரவு விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஏவில், பெனர்கான், அடராக்ஸ் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள். அரிப்புக்கும் சளிக்கும் நாமே வாங்கிக் கொடுக்கிறோம், தூக்கமும் வருகிறதே என்று சந்தோஷப்படுகிறோம். மறதி நோயில் ஏற்கெனவே குறைந்துபோன அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தை இவை மேலும் தடுக்கின்றன; டோனிபெசில் அதைத்தான் கூட்டப் பார்க்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் பேசிடேன், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் இரண்டும் இதே வகை. எதையும் நீங்களே நிறுத்தாதீர்கள், குறிப்பாகப் பல மாதம் சாப்பிட்ட மாத்திரைகளை. கேட்டுவிட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பகலைப் பகலாக்குங்கள்

காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் அரை மணி நேரமாவது வெயிலில் உட்காரவையுங்கள். மொட்டை மாடி, திண்ணை, பால்கனி எதுவானாலும் சரி. ஜன்னல் ஓரமாவது நாற்காலியைப் போடுங்கள். உடைந்துபோன உள் கடிகாரத்துக்கு வெளியிலிருந்து நேரம் சொல்வது இதுதான். நடக்க முடிந்தவரைத் தினமும் அரை மணி நேரம் நடக்கவையுங்கள், இரண்டு தவணையாகக் கூட. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வெளிச்சம், நடை, ஒழுங்கான தூக்க நேரம் ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுத்து 2005 இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் இரவில் விழித்திருக்கும் நேரம் குறைந்தது. மருந்து எதுவும் கூட்டாமலேயே.

மதியத் தூக்கத்தை முழுவதும் தடுக்க வேண்டாம். தடுத்தால் சாயங்காலம் எரிச்சல் இரட்டிப்பாகும். மூன்று மணிக்குள், அரை மணி நேரம், முடிந்தால் சாய்வு நாற்காலியில். கட்டிலில் போட்டால் இரண்டு மணி நேரமாகிவிடும்.

வேலை கொடுங்கள். வெறுமனே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது ஓய்வும் இல்லை, விழிப்பும் இல்லை. முருங்கைக்கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, துண்டு மடிப்பது, பூத் தொடுப்பது. தப்பாகச் செய்தாலும் விட்டுவிடுங்கள். அவர் எழுந்து அந்தப் பக்கம் போனதும் நீங்கள் மறுபடி மடித்துக்கொள்ளலாம். காபி, டீ மதியத்துக்கு மேல் வேண்டாம். நாலு மணி டீ இல்லாமல் இருக்கவே மாட்டார் என்றால் சுக்குக் காபியோ, பெயருக்கு டிகாஷன் விட்ட பாலோ கொடுத்துப் பாருங்கள். கையில் டம்ளர் இருந்தால் போதும் என்கிறவர்கள் நிறைய.

ஆறாம் படி: நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை

விளக்கேற்றும் நேரத்துக்குக் காத்திருக்காமல், வெளிச்சம் மங்கத் தொடங்கும் முன்பே, ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லா லைட்டையும் போட்டு ஜன்னல் திரையை மூடிவிடுங்கள். அவர் இருட்டுவதைப் பார்க்காமலிருப்பது நல்லது. கண்ணாடி ஜன்னலில் தன் உருவமே வெளியே நிற்கிற அந்நியனாகத் தெரியும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால், அவர் அறையில் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு ஒன்று இருக்கட்டும்.

இந்த நேரத்தில்தான் சீரியல்கள் தொடங்குகின்றன. அழுகை, அறை, விஷம் வைப்பது, வாசலில் நின்று சபதம் போடுவது எல்லாமே அவருக்குத் தன் வீட்டு ஹாலில் நடக்கிறது. டிவியில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்ன அம்மாக்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். வீட்டில் மற்றவர்கள் பார்த்தாக வேண்டும் என்றால் ஹெட்போன் மாட்டிக் கைபேசியில் பாருங்கள். அவருக்குப் பழைய பாட்டு, பக்திப் பாடல், ஜெபமாலை, யாசீன் ஓதுவது, எது பழக்கமோ அது.

குளிப்பாட்டுவது, டாக்டரிடம் போவது, விருந்தாளி வருவது, வீட்டில் கணக்கு வழக்குச் சண்டை எல்லாம் நாலு மணிக்கு முன்னால் முடியட்டும். ஏழரைக்கு இட்லியோ கஞ்சியோ லேசாக. எட்டு மணிக்கு மேல் தினமும் ஒரே வரிசை: பாத்ரூம், முகம் கழுவுவது, உடை மாற்றுவது, காலில் எண்ணெய் தடவுவது, விபூதி. வரிசைதான் முக்கியம். நேரம் தெரியாதவருக்கு, காலில் எண்ணெய் பட்டால் அடுத்தது படுக்கை என்று உடம்பு சொல்லிக்கொடுக்கும்.

ஏழாம் படி: அறை, பாத்ரூம், கதவு

அவர் எழுந்துதான் நடக்கப்போகிறார் என்று வைத்துக்கொண்டு அறையை ஒழுங்கு செய்யுங்கள். கட்டில் தாழ்வாக, உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் பாதுகாப்பு என்று தோன்றும்; எழ நினைக்கிறவர் அந்தக் கம்பியின் மேலேறி அங்கிருந்து விழுவார். கையைக் காலைக் கட்டுவதும் இதே கதை: திமிறலும் காயமும் கூடும்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன நைட் லேம்ப் வரிசையாக எரியட்டும். பாத்ரூம் லைட் ராத்திரி முழுக்க எரிந்து, கதவு திறந்தே இருக்கட்டும். கழிப்பறை கண்ணில் பட்டால்தான் அது தேவை என்பது நினைவுக்கு வரும். பாத்ரூம் தூரம் என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி. தரையில் கறுப்பு மிதியடி வேண்டாம். குழி என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார், அல்லது அங்கேயே நின்றுவிடுவார். ஈர டைல்ஸ், அவிழும் வேட்டி, காலில் சிக்கும் புடவை மூன்றுதான் விழ வைப்பவை. அம்மாவுக்கு நைட்டி பழக்கமில்லை என்றால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி பாவாடையும் தளர்ந்த ஜாக்கெட்டும். அலமாரிக் கண்ணாடியை ராத்திரியில் துணியால் மூடிவிடுங்கள்.

அடுப்படிக்குக் கதவு இருந்தால் பூட்டுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டர் ரெகுலேட்டரைத் தினமும் மூடுங்கள். மூன்று மணிக்குக் காபி போட எழும் அம்மாக்கள் உண்டு. வாசல் கதவில் எட்டாத உயரத்திலோ அடியிலோ ஒரு தாழ்ப்பாள், கூடவே ஒரு சலங்கையோ சின்ன மணியோ கட்டுங்கள். திறந்தால் ஒலிக்கும் காந்த மணியும் விற்கிறது. கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டால் சாவி எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தீப்பிடித்தால் நீங்களும் வெளியேற வேண்டுமே. அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு யாரும் போகக்கூடாது. கிராமத்து வீடு என்றால் கிணற்றுக்கு மூடி போட்டாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் வெளியே போய்விடலாம். உங்கள் கைபேசி எண் பொறித்த வளையமோ டாலரோ எப்போதும் உடம்பில் இருக்கட்டும். சமீபத்திய முழுப் படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். வாட்ச்மேன், எதிர் வீடு, முனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லோருக்கும் நோயை மறைக்காமல் சொல்லிவையுங்கள். காணவில்லை என்றால் வீட்டுக்குள், மாடிப்படி, பக்கத்துத் தெரு என்று கால் மணி நேரம் தேடிவிட்டு 112க்கு அழையுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

எட்டாம் படி: ராத்திரி இரண்டு மணிக்கு

எழுந்துவிட்டார். பெரிய லைட்டைப் போடாதீர்கள், ஓடிப்போய்க் கையைப் பிடிக்காதீர்கள். அவர் பார்வைக்கு முன்னால் வந்து, பெயர் சொல்லாமல் உறவு சொல்லி, மெல்லப் பேசுங்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பாத்ரூம் போலாமாம்மா?" கேள்வியாகக் கேட்டால் மறுக்கிறவர்களிடம், "வாங்கப்பா, அப்படியே ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று பாத்ரூம் பக்கமாக நடத்துங்கள். அடுத்தது தண்ணீர். அதற்கடுத்தது பசி: பாதி வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ, சுகர் இருந்தால் டாக்டர் சொன்ன அளவில். பாதி இரவுகள் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும்.

மீதி இரவுகள் பேச்சில் இருக்கின்றன. "இதுதாம்மா நம்ம வீடு" என்று நிரூபிக்க முயன்றால் தோற்பீர்கள். அவர் கேட்கிற வீடு பெரும்பாலும் பிறந்த வீடு, அல்லது எங்கே பயமில்லாமல் இருந்தாரோ அந்த இடம். "அந்த வீட்டுல யார் யார் இருந்தீங்க? திண்ணை இருந்ததா? கிணறு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் சொல்லிக்கொண்டே போனால் குரலில் அவசரம் இறங்கிவிடும். "இப்ப பஸ் இல்லைம்மா, விடிஞ்சதும் போலாம்" என்பதும் பலருக்கு வேலை செய்கிறது.

பொய் சொல்லலாமா என்று கேட்பீர்கள். "அப்பா எங்கே?" என்று, இறந்துபோன கணவரைக் கேட்கிறார் அம்மா. அவர் போய்விட்டார் என்று ஒவ்வொரு ராத்திரியும் சொன்னால், ஒவ்வொரு ராத்திரியும் அது அவருக்குப் புதுச் சாவு. நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். "அப்பா ஞாபகம் வந்திருச்சா? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்பேன். அதில் பொய்யும் இல்லை. நேராகக் கண்ணைப் பார்த்து "செத்துட்டாரா?" என்று அவரே கேட்டால் மறைக்க வேண்டாம், ஆமாம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"என் நகையைத் திருடிட்டே" என்றால் சத்தியம் செய்யாதீர்கள். "காணோமா? வா, தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். பழைய பர்ஸ், சில்லறை, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவிக்கொத்து ஆகியவற்றைத் தலையணைக்கடியில் வைத்திருந்தால் தேடுவது சீக்கிரம் முடியும். மூலையில் குழந்தைகள் நிற்கிறார்கள் என்றால், அவருக்குப் பயமா என்று முதலில் பாருங்கள். பயமில்லை, சும்மா பார்க்கிறார் என்றால் விட்டுவிடலாம், டாக்டரிடம் மட்டும் சொல்லுங்கள். பயந்தால் லைட்டைக் கொஞ்சம் கூட்டி, நிழல் விழும் பொருளை எடுத்துவிட்டு, வேறு அறைக்கு அழைத்துப் போங்கள்.

கை ஓங்கினால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். வாசலை மறைத்து நிற்காதீர்கள், வாதாடாதீர்கள். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் சும்மா இருந்து ஐந்து நிமிஷம் கழித்துப் புதிதாக வந்தவர்போல வாருங்கள். அவருக்குச் சண்டை நினைவில் இருக்காது, பயம் மட்டும் உடம்பில் தங்கும். உங்கள் குரல்தான் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

எதற்கும் தூங்கவில்லையா? நடக்கட்டும். பாதுகாப்பான அறை, மடிக்க ஒரு கூடைத் துணி, மெல்லிய பாட்டு. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ இங்கே உதவலாம்: நமக்கு ராத்திரி இரண்டு மணி என்றால் நியூ ஜெர்சியில் அது சாயங்காலம். ஸ்பீக்கரில் அரை மணி நேரம் அம்மாவோடு பேசினால் நீங்கள் சாய்ந்துகொள்ளலாம்.

ஒன்பதாம் படி: தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்

கேட்பது தப்பில்லை. ஆனால் தெரிந்து கேளுங்கள். அல்பிரசோலம், குளோனசெபாம் வகையறா வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும், மறுநாள் குழப்பம் கூடும். சிலருக்கு எதிர்மாறாக ஆட்டம் அதிகமாகும். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை மனநோய் மருந்துகள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவற்றால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய வகைகளுக்கு 2005 இலும் பழைய வகைகளுக்கு 2008 இலும் எச்சரிக்கை போட்டது. கடும் பயம், தாக்குதல், வேறு வழி எதுவும் பலிக்காத நிலை என்றால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு டாக்டர் தருவார். "எதற்காக, எத்தனை வாரம், எப்போது குறைப்போம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லூயி பாடி சந்தேகம் இருந்தால் ஹாலோபெரிடால் ஊசி பெரிய ஆபத்தில் முடியலாம். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். மெலட்டோனினால் அல்சைமர் நோயாளிகளுக்குப் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் டிராசோடோனைச் சிறு அளவில் தரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம், அதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

பத்தாம் படி: உங்கள் தூக்கம்

பல வீடுகளில் இது ஒரே ஒருவர் தலையில் விழுகிறது. கூட இருக்கும் மகளோ மருமகளோ ராத்திரி நாலு தடவை எழுந்துவிட்டு ஆறு மணிக்கு டிபன் கட்டுகிறார். மாதாமாதம் பணம் அனுப்புகிற பிள்ளைகள் தங்கள் பங்கு முடிந்தது என்று இருக்கிறார்கள். இதில் கூச்சப்படாதீர்கள். நோட்டில் எழுதிய ஒரு வாரக் கணக்கைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். "கொஞ்சம் உதவுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். "வெள்ளி, சனி ரெண்டு ராத்திரி நீங்க வந்து படுங்க அண்ணா, இல்லைன்னா நைட் அட்டெண்டருக்கு மாசம் பாதி காசு உங்களுது" என்று ஆளையும் நாளையும் தொகையையும் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பேர் என்றால் ராத்திரியைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள்: ஒன்பதிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஏழு. முறை இல்லாதவர் வேறு அறையில் கதவை மூடிக்கொண்டு தூங்க வேண்டும்.

உதவிக்கு அழைக்கச் சில இடங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, நாள் முழுவதும், தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. ஏஆர்டிஎஸ்ஐ என்ற அமைப்பு 1992 முதல் மறதி நோய்க் குடும்பங்களுக்காகவே இயங்குகிறது, சென்னையிலும் கிளை உண்டு. ஸ்கார்ப் என்ற மனநல நிறுவனத்தின் மறதி நோய் மையமான டெம்கேர்ஸ், கிண்டியில் 2024 இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இரண்டும் சென்னையில்.

நைட் அட்டெண்டர் வைப்பதானால் முதல் இரண்டு இரவு நீங்களும் கூட இருங்கள். எட்டாம் படியில் இருக்கிற பேச்சை அவருக்கு நடத்திக் காட்டுங்கள், எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டார். அட்டெண்டர் தூங்கிவிட்டாரா என்பது உங்கள் நோட்டில் தெரிந்துவிடும்: எழுந்த நேரங்கள் எதுவும் எழுதாத பக்கம் என்றால் யார் தூங்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும்.

எல்லாம் செய்தும் தாங்கவில்லை, உங்களுக்கே பிபி ஏறுகிறது, ஒரு நாள் கை ஓங்கிவிட்டீர்கள் என்றால் இல்லம் ஒன்றைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. சில வாரம் மட்டும் விட்டுவிட்டு அழைத்துவரும் வசதியும் சில இல்லங்களில் இருக்கிறது. பார்க்கப் போகும்போது மதியத்தில் போகாதீர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். ராத்திரியில் எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள். எழுந்து நடக்கிறவரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சிடுவோம்" என்று முதல் பதிலாக வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.